ஒரு பழைய நானோவும் நாலு தினுசு ரோடும்

கார் வாங்கப் போகிறவர்கள் செய்கிற டெஸ்ட் டிரைவ் பெரும்பாலும் ஒரு சடங்குதான். ஷோரூம் வாசலில் ஏறுவார்கள். பக்கத்து சிக்னல் வரை போவார்கள். ஏ.சி. போட்டுப் பார்ப்பார்கள், பாட்டு போட்டுப் பார்ப்பார்கள், யு-டர்ன் அடித்துத் திரும்பி வந்து ஓசிக் காபி குடிப்பார்கள். பத்து நிமிஷத்தில் பத்து லட்சத்துக்குக் கையெழுத்து! திண்டுக்கல் பக்கத்தில் ஒரு தையல்காரர், 80,000 ரூபாய் விலை சொல்லப்பட்ட ஒரு பழைய டாடா நானோவை ஓட்டிப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பாதியைச் செலவழித்தார். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து மதியம் ஒன்றரைக்குத்தான் முடிந்தது. கார் விற்கிறவரே கொஞ்சம் ஆடிப்போய்விட்டார் என்று கேள்வி.

அவருக்குக் கார் ஆசையெல்லாம் கிடையாது. டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஒன்று இருக்கிறது, துணி மூட்டையும் அவரும் போக அது போதும். பிரச்சினை அவருடைய அம்மாவுக்கு. 71 வயது. இரண்டு கிட்னியும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. புதனும் சனியும் திண்டுக்கல்லுக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். இவர்கள் ஊர் நத்தம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது, டவுனிலிருந்து 14 கிலோமீட்டர். சிகிச்சை அரசு மருத்துவமனையில், அதற்குக் காசு கிடையாது. போய் வரத்தான் காசு.

பஸ்ஸில் போகலாமே என்று கேட்பவர்கள் டயாலிசிஸ் முடிந்து வெளியே வருகிற ஒருவரை ஒரு தடவை பார்க்க வேண்டும். நாலு மணி நேரம் படுத்திருந்து, உடம்பில் சேர்ந்திருந்த தண்ணீரை மிஷின் இழுத்த பிறகு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். கால் நரம்பு சுண்டி இழுக்கும். தலை சுற்றும். அந்த நிலையில் டவுன் பஸ்ஸின் படி ஏறுவது மலை ஏறுவது மாதிரி. ஆட்டோவில்தான் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார்கள். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து 600 ரூபாய். ஆட்டோக்காரர் நல்ல மனுஷர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஐப்பசி மழையில் ஆட்டோவின் இரண்டு பக்கமும் படுதா கட்டினாலும் சாரல் அடிக்கத்தான் செய்யும். ஊருக்குள் திரும்புகிற மண்ரோட்டில் மூன்று சக்கரமும் மூன்று பள்ளத்தில் இறங்கி ஏறும்.

மச்சினரிடம் ஒரு பெரிய கார் இருக்கிறது. நீளமான, தாழ்வான, பளபளப்பான கார். அதில் இரண்டு தடவை கூட்டிப்போனார்கள். உட்காரும்போது அம்மா ஏதோ கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கினார். இறங்கும்போது முட்டி மடங்கவில்லை. மச்சினர் உதவி செய்கிறேன் என்று இடது கையைப் பிடித்து இழுக்கப் போக, தையல்காரரின் மனைவி போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி வாசலே திரும்பிப் பார்த்ததாம். இடது கையில்தான் ஃபிஸ்டுலா இருக்கிறது. ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக்குழாய்களை ஒன்றாக இணைத்து, மிஷினுக்கு ஊசி போட வாகாக ஆக்கி வைத்திருக்கும் இடம். அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, கனமான பை மாட்டக் கூடாது, அழுத்திப் பிடிக்கவோ இழுக்கவோ கூடாது. அது கெட்டால் மறுபடி ஆபரேஷன், அதுவரை கழுத்தில் டியூப். ஆக, இந்தக் குடும்பத்துக்கு ஒரு காரில் முதலில் பார்க்க வேண்டியது மைலேஜ் இல்லை, ஒரு கிழவி யாரும் இழுக்காமல் ஏறி இறங்க முடியுமா என்பதுதான். எந்த விளம்பரத்திலும் இந்த விவரம் வராது!

நானோ எப்படி இவர்கள் கண்ணில் பட்டது என்பது சின்னக் கதை. கடைக்குச் சட்டை தைக்க வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், "வீட்ல சும்மாதான் நிக்குது" என்று சொன்னார். 2012 மாடல், 41,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அவர் அதை வெளியே எடுப்பதை விட்டதற்குக் காரணம் காரில் இல்லை, சொந்தக்காரர்களிடம். "என்ன சார், லட்ச ரூபா காரா?" என்று கல்யாண வீடுகளில் கேட்டே கொன்றுவிட்டார்களாம். இத்தனைக்கும் அவர் அன்றைக்குக் கொடுத்தது இரண்டு லட்சத்துக்கும் மேல்.

பி.காம். படிக்கிறவர்களுக்கு நானோ ஒரு பாடப்புத்தகக் கார். டார்கெட் காஸ்டிங் என்று காஸ்ட் அக்கவுண்டிங்கில் வருமே, விலையை முதலில் முடிவு செய்துவிட்டுச் செலவை அதற்குள் அடக்குவது, அதற்கு உதாரணம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். மழையில் ஸ்கூட்டரில் நாலு பேராக நெருக்கிக்கொண்டு போன ஒரு குடும்பத்தைப் பார்த்து ரத்தன் டாடாவுக்கு வந்த யோசனை இது. 2008 ஜனவரி 10-ஆம் தேதி டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டினார். 2009 மார்ச் 23-இல் விற்பனைக்கு அறிமுகம். முதல் சுற்றிலேயே 2 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பணம் கட்டினார்கள், குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். செலவைக் குறைக்க அவர்கள் செய்த காரியங்கள் சுவாரஸ்யமானவை. சக்கரத்துக்கு நாலு நட்டு வேண்டாம், மூன்று போதும். முன்கண்ணாடிக்கு ஒரே வைப்பர். 624 சி.சி.யில் இரண்டே சிலிண்டர் எஞ்சின், அதுவும் பின்னாடி. டிக்கி இருப்பதுபோலத் தெரியும், ஆனால் அந்தக் காலத்து மாடலில் வெளியிலிருந்து திறக்க முடியாது, பின்சீட்டை மடக்கித்தான் சாமான் வைக்க வேண்டும். ஸ்டெப்னி, பெட்ரோல் போடும் வாய் எல்லாம் முன் பானெட்டுக்கு அடியில். பாட்டரி முன்சீட்டுக்குக் கீழே.

பிறகு நடந்ததும் தெரிந்த கதைதான். சிங்கூரில் நிலத்துக்காகப் போராட்டம். 2008 அக்டோபரில் தொழிற்சாலையைக் குஜராத்தின் சனந்துக்குக் கொண்டுபோனார்கள். 2010-இல் சில கார்கள் தீப்பிடித்த செய்திகள். எல்லாவற்றுக்கும் மேலாக, "உலகத்திலேயே மலிவான கார்" என்ற பெயர். நம் ஊரில் ஒருவன் கார் வாங்குவதே நாலு பேர் பார்க்கத்தானே? மலிவான காரில் போய் இறங்குவதற்கு ஸ்கூட்டரிலேயே போகலாம் என்று நினைத்துவிட்டார்கள். மலிவு என்று விற்றது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் சொன்னார். வருஷத்துக்கு 2.5 லட்சம் கார் தயாரிக்கக் கட்டிய தொழிற்சாலையில் 2018 ஜூன் மாசம் ஒரே ஒரு நானோ தயாரானது. அந்த வருஷத்தோடு கதை முடிந்தது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

வாத்தியார் வீடு நாகல் நகர் பக்கம் ஒரு சந்தில். தையல்காரர் கூடவே ஒரு மெக்கானிக் தம்பியையும் கூட்டிவந்திருந்தார். தம்பி பின்சீட்டை மடக்கி, தகட்டைக் கழற்றி, எஞ்சினைப் பார்த்தார். ஆயில் குச்சியை இழுத்து மோந்தார். படுத்துக்கொண்டு அடியில் டார்ச் அடித்தார். "அண்ணே, துரு கொஞ்சம் இருக்கு. வீட்லயே நின்ன வண்டி, டயர் வெடிப்பு விட்டிருக்கு. எஞ்சின் சத்தம் சுத்தம்" என்றார். சுத்தம் என்றால் என்ன சுத்தம்? சாவியைத் திருப்பியதும் முதுகுக்குப் பின்னால் டுப டுப என்று ஒரு சத்தம். சந்தில் விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் ஆட்டோ வருகிறது என்று நினைத்து ஒதுங்கினார்கள். கார் வந்ததைப் பார்த்துச் சிரித்தார்கள். தையல்காரருக்கு அந்தச் சத்தம் புதுசில்லை. கடை வைப்பதற்கு முன்னால் மூன்று வருஷம் டாடா ஏஸ் ஓட்டியவர். அதுவும் இரண்டு சிலிண்டர்தான்.

முதல் ரோடு அந்தச் சந்தும் கடைத்தெருவும். நானோ 3.1 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். நாலு மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். ஒரு பக்கம் வடிகால், மறுபக்கம் யாரோ நிறுத்திய புல்லட், எதிரே தண்ணீர்க் குடம் ஏற்றிய தள்ளுவண்டி. மச்சினரின் கார் என்றால் இந்நேரம் நாலு பேர் இறங்கி "வா, வா, ஒடி, ஒடி" என்று கத்திக்கொண்டிருப்பார்கள். இது ஒரே வெட்டில் திரும்பியது. பவர் ஸ்டீரிங் கிடையாது, நின்ற இடத்தில் திருப்பினால் கை வலிக்கும். உருள ஆரம்பித்துவிட்டால் முன்னால் எஞ்சின் பாரம் இல்லாததால் லேசாகிவிடுகிறது. ஸ்பீடாமீட்டர் எதிரே இல்லை, டேஷ்போர்டின் நடுவில் இருக்கிறது. முதல் பத்து நிமிஷம் அவர் வேகம் பார்ப்பதற்கெல்லாம் வாத்தியார் பக்கம் பார்க்க, வாத்தியார் தன்னைத்தான் ஏதோ கேட்கிறார் என்று நினைத்துப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

கடைத்தெருவில் இந்தக் காரை மிஞ்ச ஆள் கிடையாது. உயரமாக உட்கார்ந்திருப்பதால் முன்னாடி எல்லாம் தெரிகிறது. மூக்கு சின்னது, எங்கே முடிகிறது என்ற பயம் இல்லை. ஆட்டோ நுழைகிற இடத்தில் ஏறக்குறைய இதுவும் நுழைகிறது.

இரண்டாவது ரோடு மதுரை போகும் நான்கு வழிச்சாலை. மெக்கானிக் தம்பிதான் போகச் சொன்னார், நாலாவது கியரில் வண்டி இழுக்கிறதா என்று பார்க்க. (மொத்தமே நாலு கியர்தான்.) 60 வரை சமர்த்தாகப் போனது. 70-இல் பேச்சுக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. 80-ஐத் தொட்டபோது வலது பக்கம் ஒரு ஆம்னி பஸ் உரசுகிற மாதிரிக் கடந்து போனது. போன வேகத்தில் அது தள்ளிய காற்று காரை இடது பக்கம் ஒரு முழம் நகர்த்தியது. ஒரு முழம் என்பது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், ஆனால் நகர்த்தியது. உயரமான, ஒல்லியான, 600 கிலோ சொச்சம் எடையுள்ள வண்டி வேறென்ன செய்யும்? தையல்காரர் கியரைக் குறைத்து ஓரமாக வந்துவிட்டார். சின்னாளபட்டிப் பிரிவில் திரும்புகிற வரை யாரும் பேசவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2014 ஜனவரியில் குளோபல் என்காப் அமைப்பு நானோவை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தபோது பெரியவர்களுக்கான பாதுகாப்பில் கிடைத்த நட்சத்திரம் பூஜ்யம். ஏர்பேக் கிடையாது. அந்த எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்னால் இருப்பது ஸ்டெப்னியும் பெட்ரோல் போடும் வாயும் கொஞ்சம் தகடும்தான். இணையத்தில் நானோவைக் கொண்டாடி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். தையல்காரர் தாண்டவில்லை. "சார், இந்த ரோட்டுக்கு இத எடுக்க மாட்டேன்" என்று வாத்தியாரிடம் நேராகவே சொன்னார். வாத்தியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. விலை குறைக்கப் போடும் அடி என்று நினைத்திருப்பார், பாவம். அவர் சொன்னது வேறு. அம்மாவைக் கூட்டிப்போக நான்கு வழிச்சாலை தேவையே இல்லை. நத்தம் ரோட்டில் 40, 45-இல் போனால் போதும். அதிலும் பஸ்ஸும் லாரியும் வரத்தான் செய்கின்றன, பூஜ்யம் அங்கேயும் பூஜ்யம்தான். ஆனால் ஒப்பிட வேண்டியது ஏர்பேக் வைத்த புதுக் காரோடு இல்லையே? கதவே இல்லாத ஆட்டோவோடு. அந்த ஒப்பீட்டில் நானோ ஜெயிக்கிறது. ரொம்பப் பெரிய ஜெயம் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது ரோடு ஊருக்குள் போகிற மண்ரோடு, ஒன்றரை கிலோமீட்டர். போன மழையில் டிராக்டர் போட்ட தடம் இரண்டும் காய்ந்து வாய்க்கால் மாதிரி கிடந்தது. பன்னிரண்டு அங்குலச் சக்கரம் பெரிய பள்ளத்தில் முழுசாக இறங்குகிறது, குலுங்காமல் இருக்க வழியில்லை. ஆனால் தரைக்கும் காருக்கும் நடுவே 180 மில்லிமீட்டர் இடைவெளி. மச்சினரின் கார் இதே ரோட்டில் இரண்டு தடவை வயிற்றைத் தேய்த்திருக்கிறது. இது தேய்க்கவில்லை. முதல் கியரில் ஊர்ந்து, தடத்தின் மேட்டில் ஒரு சக்கரமும் ஓரத்துப் புல்லில் ஒரு சக்கரமுமாகப் போக இந்த அகலம் சரியாக இருந்தது. பாதியில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திப் பார்த்தபோதுதான் ஒரு குறை தெரிந்தது. பிரேக் பிடிக்கவில்லை, வண்டி பின்னால் உருண்டது. "கேபிள் டைட் பண்ணணும், சின்ன வேலைதாண்ணே" என்றார் தம்பி. வாத்தியார் அதைத் தனக்குத் தெரியாது என்றார். கார் எப்போதும் சமதரையில் நின்றிருந்தால் எப்படித் தெரியும் என்பதும் நியாயம்தான்.

வீட்டு வாசலில் அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அன்றைய டெஸ்ட் டிரைவின் முக்கியமான கட்டம் இதுதான், வண்டி நின்றுகொண்டிருக்கும்போது நடந்தது.

மனைவி பின்கதவைத் திறந்தார். நானோவின் கதவு நன்றாக அகலமாகத் திறக்கிறது. சீட் தரையிலிருந்து உயரமாக, ஏறக்குறைய ஒரு நாற்காலி உயரத்தில் இருக்கிறது. கூரையும் உயரம். அம்மா முதுகைக் காட்டி நின்றார். அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தார். பிறகு இன்னொரு கால். தலை இடிக்கவில்லை. யாரும் கையைப் பிடிக்கவில்லை. இறங்கச் சொன்னார்கள், வலது கையால் முன்சீட்டைப் பிடித்து எழுந்து நின்றார். மறுபடி ஏறச் சொன்னார்கள். மூன்றாவது தடவை, "ஏப்பா, நான் என்ன ஊஞ்சலா ஆடுறேன்?" என்று கோபித்துக்கொண்டார். முன்சீட்டிலும் உட்கார்ந்து பார்த்தார். பின்சீட்டே நல்லது என்று முடிவானது. டயாலிசிஸ் முடிந்து வரும்போது மருமகள் தோளில் சாய்ந்துகொள்ளலாம், கால் நீட்ட இடமும் இருக்கிறது. இவ்வளவு சின்னக் காரில் இவ்வளவு இடம் எப்படி என்றால், எஞ்சினைப் பின்சீட்டுக்கு அடியில் தள்ளியதும் சக்கரங்களை நாலு மூலைக்கும் ஒதுக்கியதும்தான். செலவைக் குறைக்கப் பிறந்த யோசனை ஒரு கிழவியின் முட்டிக்கு உதவும் என்று அந்த எஞ்சினியர்கள் நினைத்திருப்பார்களோ என்னவோ.

இத்தோடு திரும்பியிருக்கலாம். மெக்கானிக் தம்பி விடவில்லை. "எஞ்சின் சூடு தாங்குதான்னு பாக்கணும்னா மலை ஏத்துங்கண்ணே. நான் இங்கனயே இருக்கேன், நாலு பேரு உக்காந்து ஏறட்டும்" என்று திண்ணையில் படுத்துவிட்டார். (காரில் ஐந்து பேருக்கு இடமில்லை என்பதும் காரணம்.) சிறுமலைப் பிரிவு அங்கிருந்து பக்கம்தான். அம்மா பிறந்த ஊர் சிறுமலை. அவர் மேலே போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.

நாலாவது ரோடு அது. மொத்தம் 18 கொண்டை ஊசி வளைவு. நாலு பேர், அடியில் 38 குதிரை சக்தி. முதல் இரண்டு வளைவு இரண்டாவது கியரில் ஏறியது. மூன்றாவது வளைவில் திணறி முதல் கியர் கேட்டது. ஏ.சி.யை அணைத்ததும் கொஞ்சம் உயிர் வந்தது. பின்னால் வந்த பைக்குகள் எல்லாம் ஹாரன் அடித்துத் தாண்டிப்போயின. பின்சீட்டில் சூடும் சத்தமும் சேர்ந்து ஏறியது. சிறுமலையில் விளைச்சலைக் குதிரை மேல் ஏற்றிக் கொண்டுவருவது இன்றைக்கும் உண்டு. வாழைத்தார், எலுமிச்சை, பலா எல்லாம் குதிரை முதுகில்தான் தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு வரும். "எங்கப்பா குதிரை இதவிட வெரசா ஏறும்" என்றார் அம்மா. வாத்தியார் திரும்பிப் பார்த்தார். விலை இன்னும் இறங்குகிறது என்ற கவலை அவருக்கு. ஆனால் வளைவில் திருப்பும்போது மட்டும் இந்தக் கார் ராஜா. எதிரே வந்த பஸ்ஸுக்கு வழி விட்டு, மீதி இருந்த இடத்தில் உள்பக்கமாகவே திரும்பிப்போனது.

எட்டாவது வளைவு தாண்டி ஓரமாக நிறுத்தினார்கள். சக்கரத்துக்குக் கல் வைத்தார் தையல்காரர், ஹேண்ட் பிரேக்கை நம்பாமல். பொசுங்கல் வாடை இல்லை. தண்ணீர் ஒழுகவில்லை. அம்மா தானாக இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே திண்டுக்கல் வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது. எதுவும் சொல்லவில்லை, தண்ணீர் கேட்டார். அளவு வைத்திருக்கிறார்கள், ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் என்று. மருமகள் பாட்டில் மூடியில் ஊற்றிக் கொடுத்தார். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வந்தார்கள், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் என்பதால் அதை ஓயாமல் மிதிக்கக் கூடாது என்று தம்பி சொல்லி அனுப்பியிருந்தார்.

திரும்பி வந்து சாப்பிட்ட பிறகு கணக்கு. மனைவிதான் போட்டார், கடை ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில். ஆட்டோ, மாசம் எட்டு தடவை, 4,800. கார் என்றால் 224 கிலோமீட்டர், லிட்டருக்கு 16 என்று குறைத்தே வைத்து 14 லிட்டர், லிட்டர் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், ஆக 1,450. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இந்த சைஸ் காருக்கு வருஷம் 2,094, வரியோடு மாசத்துக்கு 210. ரிப்பேருக்கு 1,000 எடுத்து வைக்க வேண்டும். போக மிச்சம் 2,140. எண்பதாயிரத்தை அதால் வகுத்தால் 37 மாசம். இதைத்தான் பேபேக் பீரியட் என்று செமஸ்டர் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். போட்ட முதல் எத்தனை மாசத்தில் திரும்பி வரும் என்ற கணக்கு. இதில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. அத்தனை மாசமும் அந்தப் பயணம் தேவைப்பட வேண்டும். 37 என்று எழுதிவிட்டு அந்த அம்மா பேனாவை மூடினார். தையல்காரர் பார்த்தார். மாமியார் உள்ளே படுத்திருந்தார். மூன்று வருஷம் என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மனைவி, "ஏங்க, மழைக்கு முன்னாடி எடுத்துருவோம்" என்றார். அவ்வளவுதான்.

பேரம் வாத்தியார் வீட்டு வாசலில் நடந்தது. டயர் நாலும் மாற்ற வேண்டும், ஹேண்ட் பிரேக் கேபிள், 2027-இல் 15 வருஷம் முடிவதால் ஆர்.சி. புதுப்பிக்கக் கட்டணம், பசுமை வரி, அதற்கு முன்னால் டிங்கரிங். உற்பத்தி நின்ற வண்டி, நாளைக்கு விற்கவும் முடியாது. தையல்காரர் 60,000 சொன்னார். வாத்தியார் 75-க்கு வந்து நின்றார். ரொம்ப நேரம் நின்றார். 68,000-இல் முடிந்தது. சாவியைக் கொடுக்கும்போது வாத்தியார், "ஆத்தாவ ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்னு முன்னாடியே சொல்லிருக்கலாமே" என்றார். சொல்லியிருந்தால் இன்னும் குறைத்திருப்பாரா, இல்லை மலை ஏறும்போது அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டாரா என்று தெரியவில்லை.

அடுத்த புதன்கிழமை காலை ஆறரை மணிக்குக் கிளம்பினார்கள். நத்தம் ரோட்டில் ஒரு பங்கில் பெட்ரோலுக்கு நிறுத்தினார்கள். பங்க் பையன் பைப்பை எடுத்துக்கொண்டு இடது பக்கம் வந்தான். மூடி இல்லை. வலது பக்கம் போனான். இல்லை. பின்னால் போய்க் குனிந்து பார்த்தான். "அண்ணே, டேங்க் எங்கண்ணே?" என்று கேட்டான். தையல்காரர் இறங்கிப் போய் முன் பானெட்டைத் தூக்கினார். பையன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "எஞ்சின் எங்கண்ணே?" என்றான். பின்சீட்டிலிருந்து அம்மா, "எனக்குக் கீழதான்யா இருக்கு, சுடுது. நீ சீக்கிரம் ஊத்து, எட்டு மணிக்குப் படுக்கணும்" என்றார்.